மாரப்பனின் சைடு கிக்கும் மேற்குச் சுவரும்

கராத்தேக்கு உடம்பு இருந்தால் போதும், மூளை தேவையில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, எங்கள் கள்ளிமேட்டுப்பாளையத்தில் நான்கு பேர் ஒரே நாளில் சேர்ந்தார்கள். சொன்னவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவனைத்தான் முதலில் உதைத்திருக்க வேண்டும்.

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். பொங்கியண்ணன் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எதையும் தராசில் வைத்த மாதிரி நிதானமாக யோசித்து, தப்பான முடிவுக்கு வருவார். பூவாத்தாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். பொங்கியண்ணன் முடிவு சொல்லி வாயை மூடுவதற்குள் அதைச் செய்து முடித்திருப்பாள். ராக்கியப்பன் எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற சாது. மாரப்பனுக்குத் தென்னை ஏறி ஏறிக் கால் இரண்டும் உலக்கை மாதிரி. காலுக்கு மேலே உள்ளதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இவர்களுக்கு வாய்த்த மாஸ்டர் சென்னியப்பன் நல்ல மனுஷன், வித்தை தெரிந்தவர். என்ன செய்வது, விவரம் உள்ள மாணவர்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். வகுப்பு நடத்திய கல்யாண மண்டபத்திலிருந்து அவரைத் துரத்தினார்கள், பள்ளிக்கூட வராந்தாவிலிருந்தும் துரத்தினார்கள். கடைசியில் கொப்பரை வியாபாரி நாச்சிமுத்துவின் காலிக் கொட்டகையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒருநாள் நாச்சிமுத்து வந்து நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், ஒரு வருசமா உள்ள இருந்து 'ஊ', 'ஆ'ன்னு சத்தம் மட்டுந்தான் வருது. ஒரு கோப்பை வந்துச்சுங்களா? ஆடி மாசம் டவுன்ல போட்டி நடக்குதாமா. ஒரே ஒரு கோப்பை கொண்டாந்தீங்கன்னா கொட்டாய் உங்களுக்கே. இல்லீன்னா அடுத்த நாளே சாமானத் தூக்கிட்டுக் கெளம்பீரோணும்."

இதை விட்டால் சென்னியப்பனுக்கு வேறு இடம் கிடையாது. எல்லா வித்தையையும் சொல்லிக்கொடுத்துக் கிழிக்க நேரமில்லை, ஒரே ஒரு பக்கவாட்டு உதையை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். சைடு கிக்.

"மொதல்ல முட்டிய மடக்கி நெஞ்சு வரைக்கும் தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலைக் கீழ வெக்கக் கூடாது" என்றார். நால்வரும் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து, அக்கா வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போன் வந்தது. மாஸ்டர் அப்படியே ஓடினார்.

நால்வரும் தூக்கிய காலோடு வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மாஸ்டர் வர்ற வரைக்கும் இப்புடியே நிக்கோணுங்களா?" என்றான் ராக்கியப்பன்.

"காலைக் கீழ வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நிக்கோணும்னு சொல்லலியே" என்றார் பொங்கியண்ணன்.

"அப்பப் படுத்துக்கலாமுங்களா?"

"படுத்துக்க. ஆனாத் தூக்குன காலு தூக்குனபடிக்கே இருக்கோணும்."

பொழுது சாயும்போது மாஸ்டர் திரும்பி வந்தார். நான்கு பேர் மல்லாந்து கிடக்க, நான்கு கால்கள் கூரையைப் பார்த்து நின்றன. மாவு வாங்க வந்தவர்கள் பூவாத்தாளைத் தேடிக் கொட்டகைக்கே வந்து, மாவுக்குக் கொண்டுவந்த தூக்குப் போசியை அவள் காலில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"மாடு என்ன கன்னு போட்டுச்சுங்க?" என்று கேட்டான் மாரப்பன், படுத்தபடியே. மாஸ்டர் போசியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மறுநாள் அடுத்த பாடம். "எதிராளி உங்க முன்னாடி நிக்கறான்னு நெனச்சுக்குங்க. இப்ப ஒதைங்க!" மூன்று பேர் உதைத்தார்கள். ராக்கியப்பன் மட்டும் கை கட்டி நின்றான்.

"ஏம்ப்பா, ஒதைக்கலியா?"

"நெனைக்கச் சொன்னீங்களா, எங்க மச்சாந்தான் வந்து நிக்கறாருங்க. அவரை எப்புடிங்க ஒதைக்கறது?"

"அவரைப் போகச் சொல்லீட்டு வேற ஆளை நெனச்சுக்க."

"ஒறம்பரையா விருந்துக்கு வந்தவரைப் போகச் சொல்லலாமுங்களா? இன்னும் காப்பித் தண்ணிகூடக் குடிக்கலை."

பூவாத்தாள் போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து காலி இடத்தில் வைத்தாள். மச்சான் குடிக்கவில்லை, ஏதோ கோபமாக இருக்கிறார் என்று ராக்கியப்பன் அன்று முழுக்கக் கவலைப்பட்டான். ஊரில் மச்சானுக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டானாம்.

போட்டிக்கு மாரப்பனையே அனுப்பலாம் என்று மாஸ்டர் நினைத்தார். கால் பலம் அவனிடம்தான் இருந்தது. குதிகாலால் உதைக்க வேண்டும், நிற்கிற பாதத்தைத் திருப்ப வேண்டும், இடுப்பைச் சேர்த்துத் தள்ள வேண்டும், உதைத்த காலை உடனே மடக்கி இழுக்க வேண்டும். எல்லாம் சொன்னபடி செய்தான். செய்து முடித்ததும் காய்ந்த மட்டை மாதிரித் தொப்பென்று விழுந்தான். ஒற்றைக் காலில் நிலை கொள்ளவில்லை.

"ஒரு கையில இந்தச் செவுத்தப் புடிச்சுட்டு ஒதைச்சுப் பழகு. நிலை தானா வந்துரும்" என்றார் மாஸ்டர், கொட்டகையின் மேற்குச் சுவரைக் காட்டி.

அது மரச் சட்டத்தில் தகரம் அடித்த சுவர். கொப்பரை மூட்டைகளை வண்டிக்குத் தள்ளுவதற்காக நடுவில் கம்பி வைக்காத பெரிய ஜன்னல் ஒன்று, இரண்டு பலகைக் கதவுகளோடு. அந்தச் சுவரைப் பிடித்ததும் மாரப்பனின் உதை எங்கிருந்தோ வந்தது. தொங்கவிட்ட மண் மூட்டை கிழிந்தது. பொய் சொல்லவில்லை, நானே பார்த்தேன். அப்படி ஒரு உதை எங்கள் தாலுகாவில் யாரும் உதைத்ததில்லை. மாஸ்டர் கண்ணில் தண்ணீர் நின்றது.

போட்டிக்கு முதல் நாள் அவர் டவுனுக்கு முன்கூட்டியே கிளம்பினார். "காலையில வந்து சேருங்க. போட்டிக்குன்னு புதுசா எதையும் பண்ண வேண்டாம். இங்க எப்புடிப் பழகுனீங்களோ, அங்கயும் அச்சுப் பிசகாம அதே மாதிரி. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இங்க பழகுனது செவுத்தப் புடிச்சுட்டு" என்று ஆரம்பித்தார் பொங்கியண்ணன்.

"அங்க செவுரு இருக்காதுங்களா அண்ணா?" என்றாள் பூவாத்தாள்.

"இருக்கும். ஆனா அது புதுச் செவுரு. புதுசா எதையும் பண்ண வேண்டாம்னு சொல்லீட்டாருல்ல?"

பூவாத்தாளும் ராக்கியப்பனும் சரிதான் என்று தலையாட்டினார்கள். மாரப்பன் மட்டும், "செவுத்தக் கழட்டீட்டா உள்ள காத்து வருமுங்களே?" என்று ஒரு சந்தேகம் கேட்டான்.

"வரட்டும். உள்ள புழுக்கமாத்தான் இருக்குது" என்றார் பொங்கியண்ணன். பூவாத்தாள் அதற்குள் கடப்பாரையோடு முதல் ஆணியைப் பிடுங்கியிருந்தாள்.

காலையில் சுவரைப் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முன்னே சுவர் மறைத்ததால் வழி தெரியாமல் போக, பூவாத்தாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே சைக்கிளில் வந்த கீரைக்காரர் ஜன்னலில் பெண்பிள்ளை முகத்தைக் கண்டதும் பழக்க தோஷத்தில் நிறுத்தி, "அரைக்கீரை வேணுங்களாம்மா?" என்றார். அவள் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டாள். வீடு நகர்ந்து போனதைப் பற்றி அவர் எங்கள் ஊரில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் சுவர் நுழைவதைப் பார்த்த சென்னியப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நடுவர் ஓடிவந்தார்.

"என்னய்யா இது?"

"செவுருங்க" என்றார் பொங்கியண்ணன்.

"தெரியுது. ஆயுதம் எல்லாம் உள்ள கொண்டு வரக் கூடாது."

"ஆயுதம்னா எடுத்து வீசோணுமுங்க. இதைத் தூக்கறதுக்கே நாங்க நாலு பேரு."

நடுவர் தலையைச் சொறிந்தார். கத்தி கூடாது, கம்பு கூடாது, மோதிரம்கூடக் கூடாது என்று விதி உண்டு. சுவர் கூடாது என்று எவன் எழுதி வைத்திருக்கிறான்?

மூன்று பேர் சுவரைத் தூக்கிப் பிடிக்க, மாரப்பன் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் வந்தவன் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது வந்தவன் உதைத்த உதை தகரத்தில் பட்டு, எழுந்த சத்தத்தில் காது அடைத்துப்போய் வெளியேறினான். மிச்சம் இருந்தவன் தினகரன், போன வருஷம் கோப்பை வாங்கியவன். வேகமும் தெரியும், மரியாதையும் தெரியும்.

தினகரன் இந்தப் பக்கம் வந்தால் சுவர் இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். சுற்றிச் சுற்றி அவனுக்கே தலை சுற்றிவிட்டது. மாரப்பன் எங்கே என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மூடியிருந்த ஜன்னலைத் தட்டினான்.

பூவாத்தாள் திறந்தாள். "யாருங்க வேணும்?"

"மாரப்பன் இருக்காருங்களா?"

"இருக்காருங்க. சித்த அப்புடி ஓரமா நில்லுங்க, வரச் சொல்றேன்."

தினகரன் ஓரமாக நின்றான். மாரப்பன் சுவரை விடாமல் வந்தான். முட்டி நெஞ்சுக்கு ஏறியது, பாதம் திரும்பியது, இடுப்பு சேர்ந்தது, குதிகால் போய் மார்புக் கவசத்தின் நட்ட நடுவில் இறங்கியது. தினகரன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தான். கோப்பை எங்கள் ஊருக்கு!

மாஸ்டரைத் தோளில் தூக்க ஆசைதான். தோளில் சுவர் இருந்ததால் அவரைப் பின்னாலேயே நடக்கச் சொன்னார்கள். கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். இனி யாரும் துரத்த முடியாதே, சொந்தக் கொட்டகை ஆயிற்றே!

ஊர் எல்லையில் நாச்சிமுத்து இடுப்பில் கை வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் கொட்டகை இருந்த இடம் வெட்டவெளியாக இருந்தது. மேற்குப் பக்கம் திறந்து கிடக்க, காற்று உள்ளே நுழைந்து கூரையைத் தூக்கித் தென்னந்தோப்பில் போட்டுவிட்டது. மற்ற மூன்று சுவர்களும் படுத்துவிட்டன.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி அங்கயேதான் கெடக்குது, கொட்டாய்தான் பறந்துருச்சு" என்றார். பிறகு கோப்பையைப் பார்த்தார். "சொன்ன சொல் சொன்னதுதானுங்க. கொட்டாய் உங்களுக்கே. எடுத்துக்குங்க."

சென்னியப்பன் கோப்பையோடு தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"எதுக்குங்க மாஸ்டர் அழுகறீங்க?" என்றார் பொங்கியண்ணன். "நாங்க இந்தச் செவுத்த எடுத்துட்டுப் போனதாலதான் இதாவது தப்பிச்சுது. இங்கயே விட்டுட்டுப் போயிருந்தா இதும் போயிருக்கும்."

பழைய இடத்திலேயே குழி தோண்டிச் சுவரை நட்டு, தென்னந்துண்டால் முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் நால்வரும் சுவருக்கு வெளியே கூடி நின்று கவலையோடு பார்த்தார்கள்.

"கதவு கெழக்குச் செவுத்துல இருந்துச்சு. இப்ப உள்ள எப்புடிப் போறது?" என்றான் ராக்கியப்பன்.

வெகுநேரம் யோசித்து, ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக ஏறிக் குதித்தார்கள். மாஸ்டர் சுற்றி நடந்து வந்ததைப் பார்த்து, "இப்புடித் திடுதிப்புன்னு எங்கிருந்து வந்தாரு?" என்று நால்வரும் பதறிப் போனார்கள். மறுநாளிலிருந்து வம்பு எதற்கு என்று அவரும் ஜன்னல் வழியாகவே வந்தார்.

கோப்பையை உள்பக்கம் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். திருட்டுப் பயம் இருக்கிறதே என்று பூவாத்தாள் ஜன்னலுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் பூட்டினாள். நான் கேட்டேவிட்டேன், "ஏம்மா, மூணு பக்கமும் தொறந்து கெடக்குது, கோப்பை தங்குமா?" என்று. பூட்டை இழுத்துக் காட்டிச் சிரித்தாள்.

ஆனால் அவள் பயந்ததும் வீண்போகவில்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பூட்டைக் கம்பியால் நெம்பியிருந்தது, ஜன்னல் பலகையில் உளி பட்ட தடம். திருடன் ராத்திரி முழுக்கப் போராடியிருக்கிறான் பாவம், பூட்டு அசையவில்லை. கோப்பை ஸ்டூலில் பத்திரமாக இருந்தது. அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.