மல்வாசியாவுக்குப் போட்ட மொட்டை

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கும் வாய் இருந்தபோது, மல்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை இத்தாலி தேசத்திலிருந்து கப்பலேறி வந்தது. வந்தபோது அது ஈரச் சாக்கில் சுற்றிய வெறும் குச்சி. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த கித்தேரி அதை வாங்கி நட்டாள். தன் கைக்குழந்தையோடு அதையும் ஒரு பிள்ளையாகவே வளர்த்தாள். ஆட்டை அண்ட விடமாட்டாள். ஓர் இலையைக் கிள்ள விடமாட்டாள். "பச்சை உடம்பு, நோகும்" என்பாள்.

கொடி பந்தலை மூடிப் படர்ந்தது. காய் மட்டும் இல்லை.

பக்கத்துப் பந்தலில் தொங்கிய புடலங்கொடிக்கு வாய் நீளம். "என்ன மல்வாசி, கடல் தாண்டி வந்து ஆட்டுக்குத் தழை வளர்க்கிறியா?"

கித்தேரியின் புருஷன் தொம்மையும் அண்ணாந்து பார்த்தான். "ஏ புள்ள, நாளைக்குப் பிள்ளைக்கு மொட்டை முடியட்டும். அப்புறம் இதைப் பிடுங்கிட்டுப் பாகல் போடப்போறேன்."

அவன் அந்தப் பக்கம் போனதும் கித்தேரி கொடியிடம் ஓடினாள். "ஏண்டி, உனக்கு என்னதான் குறை?"

"தூக்கம் வரலக்கா," என்றது மல்வாசியா. "எங்க ஊர்ல பனி கொட்டும். இலையை உதிர்த்துட்டுத் தூங்கிடுவேன். எழுந்தா பூ. இங்க பனி எப்ப கொட்டும்?"

"இங்க ஏது பனி? மார்கழியில கொஞ்சம் குளிரும். ஆமா, தூங்குறப்போ உன்னை என்ன செய்வாங்க?"

"யாருக்குத் தெரியும்? எழுந்து பார்த்தா என் கையெல்லாம் குட்டையா இருக்கும்."

மறுநாள் பந்தலடியில் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்தி மொட்டை அடித்தார்கள். பிள்ளை வீறிட்டது. கித்தேரி பார்க்கப் பயந்து பந்தல்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பிள்ளைக்கு ஏன்க்கா சிரைக்கிறாங்க?" என்று மேலிருந்து கேட்டது கொடி.

"சிரைச்சாத்தான் முடி அடர்த்தியா..." சொல்ல வந்தவள் நிறுத்தினாள். "கை குட்டையா இருக்கும்னு சொன்னியே?"

மல்வாசியாவின் இலைகள் சிலிர்த்தன. "அப்போ எனக்கும் போடுக்கா!"

"ஐயோ, நீ முழிச்சிருக்கியே! வலிக்குமே!"

"வலிக்குமா வலிக்காதான்னு எனக்கும் தெரியணுமே."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். கித்தேரி அரிவாளை எடுத்தாள். கண்ணை மூடாமல் வெட்டினாள். ஒவ்வொரு கிளையும் சாண் அளவுதான் மிஞ்சியது. வெட்டிய முனையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"அழாதடி, அழாதடி" என்று பிள்ளையின் தலைக்குப் பூசி மிஞ்சிய சந்தனத்தை அள்ளி ஒவ்வொரு முனையிலும் அப்பினாள். அப்படியும் சொட்டியது.

"அழலக்கா," என்றது கொடி. "உள்ளேயிருந்து என்னமோ ஊறி வருது. காலையில பிள்ளை அழுதப்போ உன் ரவிக்கை நனைஞ்சுதே, அது மாதிரி."

மண்வெட்டியோடு வந்த தொம்மை மொட்டைப் பந்தலைப் பார்த்துத் திகைத்தான். "நானே பிடுங்கத்தானே வந்தேன், நீ எதுக்கு வெட்டினே?" சொட்டு ஒன்று அவன் நெற்றியில் விழுந்தது. தொட்டுப் பார்த்தான். "உசிரு இருக்கே!" என்று மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான்.

சந்தனத்தைப் பிளந்துகொண்டு முனைக்கு முனை துளிர் வந்தது. துளிரோடு பூவும், பூவுக்குப் பின் வெளிறிய பச்சையில் கொத்துக் கொத்தாகக் காயும். புடலங்கொடி தன் காயை இலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் பனி இல்லாத நாட்டில் திராட்சைக்குக் கவாத்து என்று மொட்டை போடுகிறார்கள். விழித்திருக்கும்போதே வெட்டுவதால் முனை சொட்டத்தான் செய்யும். கித்தேரி வழிவந்தவர்கள் யாரும் அதைத் துடைப்பதில்லை.