பச்சைக்கல் போர்த்திக்கிட்ட சட்டை

பச்சைக்கல்லுல பாம்பு வரி எப்படி வந்துச்சுன்னு ஆரம்பிச்சதுமே எல்லாரும் கொஞ்சம் முன்னால நகர்ந்து உட்கார்றீங்க. தெரியும். ஒரு முனிவர் வருவாரு, கமண்டலத்துல கையை விடுவாரு, பாம்பைக் கல்லாக்கிட்டுப் போவாருன்னு காத்திருக்கீங்க. அந்த முனிவருக்கு இன்னைக்கு லீவு. நாகமணியும் கிடையாது. ஏமாந்தவங்க எழுந்து போகலாம்.

போகலையா? சரி.

அந்தக் காலத்துல கல்லு, பாம்பு, தேரை எல்லாம் நம்மளை மாதிரியே வாயடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மலையடிவாரத்து ஓடைக்கரையில ஒரு பச்சைக்கல்; மோதிரத்துல பதிக்கிற மரகதம் இல்லை, பாறைக்கல்தான். வெறும் பச்சை. ஒரு கோடு கிடையாது, மினுக்கும் கிடையாது. கத்தி பட்டாலே தழும்பு விழுற மெத்துக் கல்லுன்னு உரலுக்கோ படிக்கோ யாரும் அதைச் சீண்டலை. பக்கத்துக் கருங்கல் தொண்டையைச் செருமிக்கிட்டு, நீயெல்லாம் ஒரு கல்லான்னு தினமும் கேட்கும்.

ஒருநாள் ஒரு சாரைப்பாம்பு தட்டுத் தடுமாறி வந்தா. சட்டை உரிக்கிற நேரம். கண்ணுல பால் படர்ந்த மாதிரி வெள்ளை, உடம்பெல்லாம் அரிப்பு. கருங்கல்லுல உரசினா, மூக்குல ரத்தம் வந்துடுச்சு.

"இப்படி வா தாயி. நான் குத்தமாட்டேன்"னுச்சு பச்சைக்கல்.

உரசினா. உதட்டோரம் பிரிஞ்ச சட்டை வால் வரைக்கும் சுருண்டு கழண்டுச்சு. கண்ணு தெளிஞ்சுது. அவ உடம்பு பட்டுப் பட்டு, கல்லுல அவ உரசின இடம் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி மினுங்குச்சு. அவ பார்த்துட்டு, "அண்ணே, நீ அழகா இருக்கியே"ன்னா. பிறந்ததுலேருந்து அதுகிட்ட யாரும் சொல்லாத வார்த்தை.

அப்புறம் ஒவ்வொரு தடவை உரிக்கவும் அங்கதான் வருவா. உரிச்ச பிறகும் வெயில் காய்ஞ்சுக்கிட்டுக் கதை பேசுவா. எந்த வயல்ல எலி கொழுத்திருக்கு, எந்தப் பருந்துக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு ஊர்க்கதை முழுக்க வரும். நகர முடியாத கல்லுக்கு அதுதான் உலகம்.

ஒரு மழைக்காலத்துல அவ வரவே இல்லை. அவ போன தடவை விட்டுட்டுப் போன சட்டை முள்ளுச்செடியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்து கல்லுக்கு ஏக்கம் தாங்கலை. காத்தைக் கெஞ்சி, அந்தச் சட்டையைத் தன்மேல போர்த்திவிடச் சொல்லுச்சு. வந்து பார்த்தா பூரிச்சுப்போவான்னு நினைப்பு. மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சுதுல, சட்டை ஊறி ஊறி கல்லுக்குள்ளயே இறங்கி, உடம்பெல்லாம் பாம்பு வரியாப் படிஞ்சுடுச்சு.

ஒருநாள் சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தா. கண்ணு நல்லாத் தெரியுற நேரம். கல்லைப் பார்த்தா. அப்படியே நின்னுட்டா.

"எப்படி இருக்கு தாயி?"

கழுத்தை மெல்லப் பின்னால இழுத்துக்கிட்டா. "நல்லாருக்குண்ணே"ன்னா. ஒரு எலி காத்துக்கிட்டிருக்கு, பார்த்துட்டு வந்துடறேன்னுட்டு விருட்டுனு போயிட்டா.

எலி எங்கயாவது பாம்புக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? கல்லு நம்பிச்சு. அடுத்த மழை வந்துச்சு, அதுக்கடுத்த மழையும் வந்துச்சு. வேலை முடிஞ்சதும் வந்துடுவா, வந்துடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

கல்லிடுக்குல ஒரு தேரை குடியிருந்தா. வாயை மூடிக்கிட்டு எத்தனை நாள்தான் கேட்பா?

"வரமாட்டாப்பா. அரிப்பும் எரிச்சலும் தாங்காம அவ கழட்டி எறிஞ்சதை நீ எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிறே. அவளுக்கு உரிக்கத் தெரியும். உனக்குத் தெரியாதே."

அன்னைக்குப் பிடிச்சுதான் அந்தக் கல்லை எவ்வளவு ஆழத்துல அறுத்தாலும் பாம்பு வரி ஓடுது; ஈரத்துணியால லேசா ஒரு தடவு தடவினாலே, அவதான் வந்துட்டாளோன்னு மினுங்கிடுது.