நிற்காத மூச்சுச் சத்தம்

வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கப் பழகும் நர்சிங் மாணவிகளுக்கு மேற்பார்வை, பேராசிரியர் தேவசகாயம். கேமராவை அணைத்துவிடுவார், திட்டுவதற்கு வசதியாக மைக்கை மட்டும் திறந்து வைத்திருப்பார். "நான் தெரிய மாட்டேன். ஆனா என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்பார்.

அன்று செண்பகவல்லிக்குச் சோதனை. "நோயாளியோட மூச்சுச் சத்தத்தை இங்கேர்ந்தே கேட்டுச் சொல்லணும். இல்லேன்னா நீ ஃபெயில்!"

பரமக்குடி இருளப்பன் திரையில் வந்தார். மூச்சு விடச் சொன்னாள். கொர்ர்ரென்று செல்போனே அதிர்ந்தது.

"ஐயா, கொஞ்சம் மூச்சை அடக்குங்க."

அடக்கினார். சத்தம் நிற்கவில்லை.

"தாயி, இது நான் இல்ல" என்றார் இருளப்பன் பரிதாபமாக.

தேவசகாயம் என்று பேர் போட்டிருந்த கறுப்புக் கட்டத்தைப் பார்த்தாள் செண்பகவல்லி.

"சார்!"

"ஆங்... பார்த்துட்டேதான் இருக்கேன். சத்தம் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு சார். ஐயா மூச்சை அடக்கினப்பவும் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் இனிமே ஒருக்களிச்சுப் படுத்தா நல்லது."

இருளப்பன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செண்பகவல்லி பாஸ். சார் கேமராவை அணைப்பதை அன்றோடு விட்டுவிட்டார்.