காட்டுக்குள் யார் பார்த்தது?

வால்பாறை மழையில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே போட்டி! ஏரியை நீந்தி, சோலைக்காட்டுச் சேற்றில் சைக்கிளை மிதித்து, கடைசி மேட்டை ஓடியே ஏறி வந்தாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சகாயராணி. ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கினால், போட்டியை நடத்தி, தானும் அதில் கலந்துகொண்ட கிளப்பின் தலைவர் தீனதயாளன் ஏற்கெனவே கோப்பையோடு நிற்கிறார்!

"காட்டுக்குள்ள முதல்ல நுழைஞ்சது நான். என்னை யாருமே முந்தலையே சார்! காட்டுக்குள்ள போகாம தார் ரோட்டுல வந்தீங்களா?"

தலைவர் சீறினார். "யார்கிட்ட பேசுறே? காட்டுக்குள்ள நடந்ததுக்குச் சாட்சி இருக்கா? இருந்தா இப்பவே கொண்டா!"

"கூட்டிட்டுதான் வந்திருக்கேன் சார்."

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். ரத்தம் குடித்துக் கொழுத்த சோலைக்காட்டு அட்டைகள் வரிசையாகத் தொங்கின. அடுத்தடுத்து வந்தவர்களும் கோட்டைத் தாண்டியதும் "உப்பு! உப்பு குடுங்க!" என்று காலை உதறிக் குதித்தார்கள்.

கூட்டம் தலைவரின் காலைப் பார்த்தது. அரைக்கால் சட்டைக்குக் கீழே ஒரு கடிகூட இல்லை.

"என்னை... அட்டை கடிக்காது" என்றார்.

"அப்படியா! காட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து காட்டுங்க சார். அதுவரைக்கும் கோப்பையை நான் பிடிச்சுக்கிறேன்."

விசில் பறந்தது. கோப்பை இன்னும் சகாயராணியிடம்தான் இருக்கிறது.