எழுதியவர் பெயர்

மேனேஜர் கோதண்டத்துக்கு ஒரு வரி கம்ப்யூட்டர் கோடு எழுத வராது; பேர் போட்டுக்கொள்ள மட்டும் நன்றாக வரும். ஒப்பந்த ஊழியர் ஜெசிந்தா கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளில் இருந்த பிழையைத் திருத்தி, உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் கெர்னல் என்ற பொது மென்பொருள் திட்டத்துக்கு அனுப்பத் தயாரானாள்.

"உலகமே பார்க்கிற இடம்மா. என் பேர்ல அனுப்பு."

அனுப்பினாள். எல்லோரும் படிக்கும் பொது மின்மடலில் திட்டத்துக்காரர் ஒருவர் கோதண்டத்தைக் கேட்டார்: 'இந்த வரியில் இரண்டு மில்லிசெகண்ட் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?'

கோதண்டத்துக்கு வேர்த்தது. "என்ன தப்பு பண்ணித் தொலைச்சே? உன் பேர்லயே பதில் எழுது!"

"நான் பதில் போட்டா, எழுதினது நான்னு தெரிஞ்சிடுமே சார்."

அவசரமாக அவரே தட்டினார்: 'அதை எழுதியது ஜெசிந்தா. தவறு அவளுடையது.'

பதில் வந்தது: 'தவறே இல்லை, அருமை. அவர் பெயரிலேயே அனுப்புங்கள்.'

ஜெசிந்தாவின் பெயர் உலகமெல்லாம் போயிற்று. திங்கட்கிழமை ஆபீஸ் கதவில் நுழைவு அட்டையை வைத்தாள், கதவு திறக்கவில்லை.