ஏரிப் பள்ளத்தில் ஒரு ராத்திரி

ஏரிக்குத் தண்ணீர் வரும் பள்ளத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கத் தனக்கோடி ஊராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தார். அந்தப் பள்ளம் போய்விட்டால் இருளாயியின் ஆடுகளுக்கு மேய்ச்சல் கிடையாது.

"மழை பேஞ்சா அங்க இடுப்பளவு தண்ணி நிக்குமுங்க" என்று அவள் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

"ஒரு சொட்டு நிக்காது! நிக்கும்னா இப்பவே நிரூபி பார்ப்போம்" என்று சிரித்தார் தனக்கோடி.

வெளியே ஐப்பசி வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஆகட்டுங்க ஐயா. உங்க புதுக் காரை இன்னிக்கு ராத்திரி அந்தப் பள்ளத்துல நிறுத்துங்க. விடியும்போது நல்லபடியா நின்னா, உங்களுக்கு நானே முதல் ஆளா கை தூக்குறேன்."

தனக்கோடி வானத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கார் என்னத்துக்கு ஆகும்?" என்று பதறினார்.

ஊராட்சித் தலைவர் செண்பகவல்லி மனை வரைபடத்தைச் சுருட்டி அவரிடமே நீட்டினார்.

"காரை ஒரு ராத்திரி விட மனசு வரல. அங்க பிள்ளைகுட்டிகளோட ஜனங்களைக் குடிவைக்கப் பார்த்தீங்களே!"