சடை விழுந்த பூனைக்குச் சிக்கெடுத்த ராசாத்தி

கிட்ட வாங்க, இடிச்சுக்காம உக்காருங்க. ஒரே ஒரு ஊர்ல, ஊருக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒரு ராசா, ராசாவுக்கு ஒரு பூனைன்னு இருந்துச்சு. ராசா பேரு செண்டலங்காரன். நல்ல மனுசன்தான், ஆனா யாரு என்ன சொன்னாலும் நம்பிருவான். மழை மேலேருந்து கீழ பெய்யுதுன்னு சொன்னாலும் "அப்படியா!"ன்னு வாயைப் பொளப்பான், கீழேருந்து மேல பெய்யுதுன்னு சொன்னாலும் "அப்படியா!"ன்னு வாயைப் பொளப்பான்.

அந்தப் பூனை இருக்கே, அது நம்ம தெருப்பூனை மாதிரி இல்ல. கப்பல்காரன் ஒருத்தன் பனி கொட்டுற தேசத்துலேருந்து கொண்டாந்து ராசாவுக்குக் குடுத்தது. உடம்பெல்லாம் நீள நீளமா வெள்ளை முடி. பஞ்சுன்னே அதுக்குப் பேரு வச்சாங்க. அந்த ஊர்ல யாரும் நீளமுடிப் பூனையைக் கண்டதே இல்ல. பூனைதான் தன்னையே நக்கிச் சுத்தம் பண்ணிக்குமே, அதுக்குப் போயி யாராவது தலைவாரி விடுவாங்களான்னு விட்டுட்டாங்க. விட்டா என்னாகும்? முடி சிக்கு விழுந்துச்சு, அப்புறம் சிக்கு உருண்டையாச்சு, அப்புறம் உருண்டையெல்லாம் திரிஞ்சு கயிறு கயிறாத் தொங்குச்சு.

அதை முதல்ல பாத்தவன் யாருன்னா, அரமனைக் குறிகாரன் உக்கிரபாண்டி. குறி சொல்லியே வயிறு வளத்தவன். அவன் தலையிலயும் இடுப்பு வரைக்கும் சடை. மனுசனுக்குச் சடை விழுந்தா சாமி வந்து இறங்கிருச்சுன்னு நம்ம சனம் கையெடுத்துக் கும்பிடும்ல? அவன் பூனையைப் பாத்தான், ராசாவைப் பாத்தான், தொபுக்குனு குதிச்சு ஒரு ஆட்டம் ஆடுனான்.

"மகராசா! பூனைக்குச் சடை விழுந்திருச்சு! ஆத்தா இறங்கிட்டா! இனிமே இது பஞ்சு இல்ல, சடையாத்தா! இந்தச் சடையைத் தொட்டாலும் சரி, இழுத்தாலும் சரி, அறுத்தாலும் சரி, எவனா இருந்தாலும் நாட்டை விட்டே துரத்தணும்!"

"அப்படியா!"ன்னான் ராசா. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

அன்னைலேருந்து பூனைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறாங்க, அப்புறம் சந்தனம் பூசுறாங்க, அப்புறம் பாலை ஊத்துறாங்க. எல்லாம் முடியில காஞ்சு இறுகி, பாவம், அந்தச் சீவன் காலை மடக்கி உக்காரக்கூட முடியாமத் தவிக்குது. யாராவது கிட்டப் போனா சீறுது. "ஆத்தா உக்கிரமா இருக்கா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "ஆத்தாவுக்குக் காப்புக் கட்டுறேன்"னு உக்கிரபாண்டி ஒரு கறுப்புக் கயிறு வேற கட்டிவிட்டான். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூனையை மடியில வச்சுக்கிட்டு, மஞ்சத்துணியைப் போத்திக்கிட்டு, சபையில குறி கேப்பான். ஒரு ஆளை முன்னாடி நிறுத்துவான். பூனை கத்துச்சுன்னா அந்த ஆளு அரமனைக்கு ஆகாத ஆளு, வெளிய போயிரணும்.

சமையக்கார அம்மா ஒருநா உக்கிரபாண்டிகிட்ட, "பொங்கலுக்கு எத்தனை கரண்டி நெய்தான் ஊத்துறது சாமி?"ன்னு கேட்டா. வெள்ளிக்கிழமை பூனை வீல்னு கத்துச்சு. அவ மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. யானைக்காரரு ஒருநா, "யானைக்கு வச்ச கரும்பை நீங்க எடுக்காதீங்க சாமி"ன்னாரு. வெள்ளிக்கிழமை பூனை வீல்னு கத்துச்சு. அவரும் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. மூணாவதா மாட்டுனது யாரு தெரியுமா? ராசா கட்டிக்கிட்டு வந்த ராசாத்தி!

ராசாத்தி பேரு வேம்பு. தூரத்துச் சீமைக்காரி. அவ பொறந்த வீட்டுல அவளுக்குக் கீழ ஏழு தங்கச்சிங்க, ஏழு தலைக்கும் காலங்காத்தால சிக்கெடுத்துச் சடை பின்னிவிட்டு வளந்தவ. இப்போ அவ புள்ளைத்தாச்சியா வேற இருந்தா. புள்ளை நல்லபடியாப் பொறக்கணும், ஆத்தாவைக் கும்பிட்டுக்கன்னு அவளைக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் அவ முதல் தடவையாக் கிட்டக் குனிஞ்சு பூனையைப் பாத்தா. அப்படியே ஆடிப்போயிட்டா.

"ஐயய்யோ! இது என்னங்க அநியாயம்? சாமியாவது சடையாவது! இது சிக்குங்க, வெறும் சிக்கு! இந்த வாயில்லாச் சீவனுக்கு ஒருத்தர்கூடவா சீப்பு எடுக்கல?"

பக்கத்துல நின்ன உக்கிரபாண்டி கண்ணை உருட்டி, "தாயி, வர்ற வெள்ளிக்கிழமை ஆத்தா உங்களை ஒரு பார்வை பாக்கட்டும்"னான்.

சாயங்காலம் ராசா வந்தான். வந்து ஓன்னு அழுதான்.

"வேம்பு, ஏன்டி வாயை விட்ட? ஆத்தா கத்திட்டா உன்னை ஆத்துக்கு அந்தாண்ட காட்டுல கொண்டுபோய் விட்டுருவேனே!"

"வயித்துல உங்க புள்ளை இருக்குங்க."

"இருக்கே! அதுக்குத்தானே அழுவுறேன்!"

"கத்தாட்டி?"

"அது கத்தாம என்னைக்குடி இருந்துச்சு!"

பாருங்க, கட்டுன பொண்டாட்டியைக் காட்டுல விடுறேன்னு சொல்லிட்டு இவன் அழுவுறான்! எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு அவன் கிரீடத்தைக் கழட்டி அடுப்புல வச்சிருப்பேன். வேம்பு அழுவல. அவளுக்கு அழுகையே வரல, அப்படியொரு அதிர்ச்சி. தன் புருசன் இவ்வளவுதானான்னு அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் யோசிச்சா. பூனைக்கு நல்லவங்க கெட்டவங்க தெரியாது, வலிச்சாத்தான் அப்படிக் கத்தும். சரி, குறி கேக்குற நேரம் பாத்து அதுக்கு எப்படி வலிக்குது? அதைக் கண்டுபிடிச்சாத்தான் நானும் என் புள்ளையும் இந்த வீட்டுல இருக்க முடியும்னு முடிவு பண்ணுனா.

மறுநா மத்தியானம் உக்கிரபாண்டி பொங்கலைத் தின்னுட்டுக் குறட்டை விடுற நேரம். வேம்பு ஒரு கிண்ணம் அரிசி மாவு, கொஞ்சம் விளக்கெண்ணெய், ஒரு மரச்சீப்பு, ஒரு கருவாட்டுத் தலை எடுத்துக்கிட்டுப் பூனை இருந்த ரூமுக்குப் போனா. முதல் நா பூனை சீறி, மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் ஒரே பிறாண்டு. வேம்பு கருவாட்டை வச்சுட்டு வந்துட்டா. ரெண்டாம் நா பூனை கருவாட்டைத் தின்னுச்சு, நெத்தியில மட்டும் தடவ விட்டுச்சு, வாலை வெடுக்குனு ஆட்டுச்சு. வால் ஆடுனதும் கையை எடுத்துட்டா. மூணாம் நா அதுவா வந்து மடியில ஏறிச்சு. "வாடி என் தங்கம், ஒரு சிக்கு, ஒரே ஒரு சிக்கு எடுத்துட்டு விட்டுர்றேன்"னா.

சிக்கு மேல எண்ணெயைத் தொட்டு வச்சு, மாவைத் தூவுனா. அப்புறம் தோல் இழுபடாம இருக்கணும்ல, அதுக்கு முடியோட வேரை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சா. எப்பவும் நுனியிலேருந்துதான் வரணும், வேருலேருந்து இழுத்தா உசுரு போயிரும். ஏய், நீ ஏன் தலையைப் பிடிச்சுக்கிற? உனக்கு நான் என்னைக்காவது வேருலேருந்து இழுத்திருக்கேனா?

அப்படிப் பிரிச்சுக்கிட்டே வந்தவ, முன்னங்காலுக்கு அடியில, அக்குளுக்குப் பக்கத்துல ஒரு பெரிய சிக்கைத் தூக்கிப் பாத்தா. பாத்ததும் வாயைப் பொத்திக்கிட்டா. அந்தக் காப்புக் கயிறு காப்புக்குக் கட்டுனதே இல்ல! சிக்குக்குள்ள தோலோட ஒட்டி முடிச்சுப் போட்டு, ஒரு முனையை நீளமா வெளிய விட்டிருக்கான். வாராவாரம் இழுத்து இழுத்து அந்த இடமே ரணமாகிச் சிவந்து, சீழ் வச்சிருக்கு. துணிக்கு அடியில அந்த முனையை விரல்ல சுத்திக்கிட்டு, வேணுங்கிறப்ப இழுத்திருக்கான்!

"அடப்பாவி! அடப்பாவி! அடப்பாவி!"

வேம்பு அந்தப் பூனையைக் கட்டிக்கிட்டு அப்பத்தான் அழுதா. எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை தடவை! எல்லாரும் சுத்தி நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்களே!

ராசாகிட்ட ஓடிச் சொல்லலாம். சொன்னா, "சடையைத் தொட்டியா?"ன்னு அதுக்கே துரத்திருவான். அதனால வேம்பு என்ன பண்ணுனா? அந்தச் சிக்கை அடியிலேருந்து மெதுவாப் பிரிச்சுத் தோலை விட்டுத் தனியா எடுத்தா, ரணத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டா, அப்புறம் அதே சிக்கை அதே கயிறோட, நாலு முடியில சும்மா தொங்குற மாதிரி சந்தனத்தை வச்சு ஒட்டிவிட்டுட்டா. மறுநா வெள்ளிக்கிழமை.

சபை கூடிச்சு. ஊரே வந்துருச்சு. வேம்பு நடுவுல நிக்கிறா. வாசல்ல காட்டுக்குக் கொண்டுபோற வண்டி பூட்டி நிக்குது. உக்கிரபாண்டி பூனையை மடியில வச்சு, மஞ்சத்துணியைப் போத்தி, விரல்ல கயித்தைச் சுத்திக்கிட்டான்.

"ஆத்தா! இந்த ராசாத்தி இங்க இருக்கலாமா, போகணுமா, சொல்லு!"

லேசா ஒரு இழுப்பு. பூனை கொட்டாவி விட்டுச்சு.

"ஆத்தா! சொல்லு!"

கொஞ்சம் பலமா ஒரு இழுப்பு. பூனை காலை நக்குச்சு.

"ஆத்தா! சொல்லுறியா இல்லியா!"

வெடுக்குனு இழுத்தான் பாருங்க, கயித்தோட சிக்கு கையோட வந்து, அவன் மல்லாக்க உருண்டு, காலு ரெண்டும் மேல, விரல்ல சடை தொங்குது!

அப்புறம் கூட்டத்துலேருந்து ஒரு கிழவி, "ஐயோ! ஆத்தா சடையை அறுத்துட்டான்டி!"ன்னு ஒரு கூப்பாடு போட்டா. ஊரே வாயில அடிச்சுக்கிச்சு.

"நான் அறுக்கல! அது தானா வந்துச்சு!"ங்கிறான் உக்கிரபாண்டி.

ராசா எந்திரிச்சு நின்னான். பொறந்ததுலேருந்து முதல் தடவையாச் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டான். "தானா வந்துச்சுன்னா, கயிறு எதுக்குடா உன் விரல்ல சுத்தியிருக்கு?"

வேம்பு பூனையைத் தூக்கி, முன்னங்காலை விரிச்சு ரணத்தைக் காட்டுனா. "இது குறி சொல்லிக் கத்தலங்க. வலி தாங்காமக் கத்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சமையக்கார அம்மாவைத் துரத்துனீங்க, யானைக்காரரைத் துரத்துனீங்க, இப்ப என்னையும் வண்டியில ஏத்தப் பாத்தீங்க."

ராசாவுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. சபையில ஒருத்தரும் ஒருத்தரை நிமுந்து பாக்கல. வேம்பு அங்கேயே சம்மணம் போட்டு உக்காந்து, எல்லாரும் பாக்க, மிச்சச் சிக்கையும் எடுத்தா. ஒரு சிக்கு விழுந்துச்சு, இடி விழும்னு காதைப் பொத்துனாங்க. ஒண்ணும் விழல. இன்னொண்ணு விழுந்துச்சு, நிலம் பொளக்கும்னு தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒண்ணும் பொளக்கல. கடைசிச் சிக்கும் விழுந்துச்சு, பூனை உடம்பை உதறிக்கிட்டு வேம்பு மடியில கண்ணை மூடிக்கிட்டுச் சொகமா குர்குர்னுச்சு.

இப்பவாவது உக்கிரபாண்டி வாயை மூடியிருக்கணும்ல? மூடல. "பூனைக்கு விழுந்தது சிக்குதான், ஒத்துக்கிறேன். என் தலையில இருக்கிறது நெசமான சடை! தொட்டீங்க, நாடே அழிஞ்சிரும்!"ன்னு கத்துறான்.

"அதையும் பாத்துருவோமே"ன்னு வேம்பு சீப்பை நீட்டுனா. ராசா வாங்குனான். எண்ணெய் வைக்கல, மாவு தூவல, நுனியிலேருந்தும் வாரல. நேரா வேருல சீப்பை விட்டான், ஒரு இழுப்பு இழுத்தான்.

"ஐயோஓஓ!"

"குறி சொல்றாருடோய்!"னு கூட்டத்துல ஒருத்தன். ராசா கேட்டான். "சமையக்கார அம்மா நல்லவதானே?" ஒரு இழுப்பு. "ஐயோ!" "ஆமாங்கிறாரு!" "யானைக்காரரும் நல்லவருதானே?" ஒரு இழுப்பு. "ஐயய்யோ!" "ஆமாங்கிறாரு!"

"இவனை ஆத்துக்கு அந்தாண்ட விட்டுரலாமா?"

உக்கிரபாண்டி பல்லைக் கடிச்சுக்கிட்டான், உதட்டைக் கடிச்சுக்கிட்டான், மூச்சைக்கூட அடக்கிக்கிட்டான். ராசா சீப்பை நல்லா உள்ள விட்டு இழுத்தான். போட்டான் பாருங்க ஒரு கத்து, அக்கரையில மேஞ்ச மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு! அப்படியே பாதிச் சிக்கோட வாசல்ல நின்ன வண்டியில ஏத்தி அனுப்பிட்டாங்க. அவன் துரத்துன ரெண்டு பேரையும் அன்னைக்கே ஆளு விட்டுத் தேடிக் கூட்டிட்டு வந்தாங்க.

எல்லாரும் போனப்புறம் ராசா மெதுவா வந்து வேம்பு பக்கத்துல உக்காந்தான். பூனையைத் தடவக் கையை நீட்டுனான். பூனை சரக்குனு ஒரு பிறாண்டு பிறாண்டுச்சு. கையை உதறிக்கிட்டு, "நான்தான் அதை இனிமே ஒண்ணும் பண்ண மாட்டேனே, ஏன் வேம்பு?"ன்னான்.

"அதுக்கு இன்னும் வலி ஆறலங்க"ன்னா வேம்பு. "எனக்கும் ஆறல."

ராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்து, அந்தப் பொண்ணு நடந்து, பேச ஆரம்பிச்ச பிறகுதான் பூனையும் அவன் மடியில ஏறிச்சு, வேம்பும் அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசுனா. அதனால, எது கத்துனாலும், அது என்ன சொல்லுதுன்னு நாலு பேருகிட்ட கேக்காதீங்க, எங்க வலிக்குதுன்னு அதுகிட்டயே போய்ப் பாருங்க.

கதை போச்சு கரையேறி, தூக்கம் வந்துச்சு தலையேறி. படுங்க.